சாவி யாரிடம் இருக்கிறது?

வருவாய், காவல், தீயணைப்பு, சுகாதாரம், மின்சாரம், நீர்வளம், கல்வி, நிதி, உள்ளாட்சி என்று பேரிடர் நாளில் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் எல்லாத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இதை எழுதுகிறவன் அதிகாரியும் இல்லை, நிபுணனும் இல்லை. ஒரு வெள்ளத்தின்போது நிவாரண முகாமில் ஒன்பது நாள் பெயர்ப் பதிவேடு எழுதியவன். அங்கே பார்த்ததையும், 'நம்மிடம் மட்டும்தான் இப்படியா?' என்ற எரிச்சலில் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், திறந்திருந்த கழிப்பறைகள் நான்கு. பின்பக்கக் கட்டடத்தில் இன்னும் எட்டு இருந்தன, ஆனால் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. சாவி தலைமையாசிரியரிடம். அவர் வீட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர், போன் அணைந்துவிட்டது. முகாம் பொறுப்பு அதிகாரி, "கட்டடம் கல்வித்துறையுடையது, நான் பூட்டை உடைக்க முடியாது" என்றார். கல்வித்துறையில் போனை எடுத்தவர், "பள்ளியை முகாமுக்கு ஒப்படைத்தாயிற்று, இனி அவர்கள் பாடு" என்றார். சுகாதாரத்துறை டாக்டர் வந்து பார்த்து, இன்றைக்குள் திறக்காவிட்டால் வயிற்றுப்போக்கு பரவும் என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். உள்ளாட்சிப் பணியாளர் ஒருவர் கடப்பாரையோடு தயாராக நின்றார். "உடைச்சிடறேன் சார், யாராவது ஒருத்தர் ஒரு தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க." யாரும் போடவில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய பேச்சு மாலை ஐந்து வரை ஓடியது. கடைசியில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வென்டிலேட்டர் வழியாக உள்ளே இறங்கி, தாழிட்டிருந்த பின்கதவைத் திறந்துவிட்டான்.

அந்தப் பத்து மணி நேரத்தில் அங்கே சோம்பேறி என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. டாக்டர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. முகாம் அதிகாரியின் சொந்த வீட்டிலும் தண்ணீர். கல்வித்துறைக்காரர் சொன்னதில் சட்டப்படி தப்பே கிடையாது. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். குழாய் நடுவில் அவ்வளவு சீக்கிரம் ஒழுகாது, மூட்டில்தான் ஒழுகும் என்று பிளம்பர்கள் சொல்வார்கள். உங்கள் துறைகள் ஒவ்வொன்றும் நல்ல குழாய்தான். நான் பேச வந்தது மூட்டுகளைப் பற்றி.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிய சில நிமிடங்களில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குத் தெரிந்துவிட்டது. முதலில் நடுக்கத்தின் அளவைக் குறைவாகக் கணித்தார்கள், அது தனிக் கதை. பெரிய அலை கிளம்பியிருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தபோது, இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாருக்கு போன் போட வேண்டும் என்பதற்கு அவர்களிடம் முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. இரண்டு மணி நேரம் என்பது கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்து போக எவ்வளவோ தாராளம். 14 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தகவல் தெரிந்த இடம் ஒன்று, தேவைப்பட்ட இடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஆளில்லை.

அந்தக் கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது, அதனால்தான் என்று நீங்கள் சொல்லலாம். சரி, எல்லாமே இருந்த இடத்துக்குப் போவோம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பெரும் சூறாவளி தாக்கினால் என்ன செய்வது என்று 2004 ஜூலையிலேயே அமெரிக்காவில் ஒத்திகை நடந்தது. கற்பனைப் புயலுக்கு 'பாம்' என்று பெயர்கூட வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதற்குமான தேசியத் திட்டம் ஒன்றும் வெளியானது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா வந்தது, கரைகள் உடைந்தன, நகரத்தின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. மக்களை ஏற்றிப் போயிருக்க வேண்டிய பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் தண்ணீரில் நின்ற படத்தை உலகமே பார்த்தது. மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் தவித்துக்கொண்டிருந்ததை டிவியில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டாட்சி அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் தலைவர், அது தனக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்று நான்காம் நாள் பேட்டி கொடுத்தார்.

எத்தனையோ பேர் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள், நானும் சேர்ந்து திட்டப்போவதில்லை. எனக்கு உறுத்தியது வேறொன்று. அங்கே இருந்த நடைமுறை, கீழே இருப்பவர் கேட்டால் மேலே இருப்பவர் தருவார் என்பது. நகராட்சி மாநிலத்திடம் கேட்க வேண்டும், மாநிலம் மத்தியிடம் கேட்க வேண்டும். சாதாரண நாளுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்சாரம், போன், அலுவலகம் எல்லாம் போன நகராட்சி என்னவென்று கேட்கும், எதை வைத்து எழுதிக் கேட்கும்? மூழ்குகிறவன் விண்ணப்பம் போட வேண்டும் என்று எதிர்பார்த்த ஏற்பாடு அது. அடி வாங்கிய பிறகு 2006இல் சட்டத்தை மாற்றினார்கள். கோரிக்கை வருவதற்கு முன்பே உதவியை அனுப்பலாம் என்று எழுதிவைத்தார்கள். உங்கள் கையேட்டில் 'மாவட்டம் கோரும் பட்சத்தில்' என்று தொடங்கும் வரிகள் எத்தனை இருக்கின்றன என்று தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மாவட்டம் பேச முடியாத நிலையில் இருந்தால் என்ன செய்வது என்ற வரி எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள்.

இன்னொரு சம்பவம். இயற்கைப் பேரிடர் அல்ல, குண்டுவெடிப்பு. ஆனால் மூட்டு ஒழுகுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குக் கிடைக்கவில்லை. 2017 மே 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர். இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியேறும்போது குண்டு வெடித்தது, 22 பேர் இறந்தார்கள். அரை மைல் தூரத்தில் ஒரு தீயணைப்பு நிலையம். வெடிச்சத்தம் அங்கிருந்தவர்களின் காதிலேயே விழுந்தது. காயம்பட்டவர்களைத் தூக்கிவரப் பயிற்சியும் ஸ்ட்ரெச்சரும் உள்ளவர்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன்? துப்பாக்கியோடு யாரோ சுற்றுகிறார்களோ என்ற ஐயத்தில் காவல்துறை ஒரு முடிவெடுத்தது, அது மற்ற துறைகளுக்குச் சொல்லப்படவில்லை. தீயணைப்பு அதிகாரி காவல்துறையின் பொறுப்பு அதிகாரியைப் பிடிக்க முயன்றார், அவரோ அந்த இரவின் மொத்தப் பாரத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. ஆபத்தில் ஆளை அனுப்பக்கூடாது என்று தீயணைப்பு வண்டிகளை ஏறக்குறைய மூன்று மைல் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார்கள். அதாவது, பக்கத்தில் இருந்தவர்கள் சம்பவ இடத்திலிருந்து விலகிப் போனார்கள்.

இதில் எனக்கு வயிறெரிவது என்னவென்றால், காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்ற மூன்று துறைகளும் ஒரே இடத்தில் கூட வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், ஆபத்தைச் சேர்ந்தே கணிக்க வேண்டும் என்ற கூட்டுச் செயல்பாட்டுக் கொள்கைகள் பிரிட்டனில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. பயிற்சியும் நடந்தது. அன்று இரவு அது கைக்கு வரவில்லை. ஒருவராவது பிழைத்திருக்கக்கூடும் என்று பிற்பாடு நடந்த பொது விசாரணை சொன்னது.

அப்படியானால் இதற்கெல்லாம் தீர்வே கிடையாதா? உண்டு, பழைய தீர்வுதான். 1970 இலையுதிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ. 13 நாளில் 16 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் எரிந்தன. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, வண்டி பற்றாக்குறையோ ஆள் பற்றாக்குறையோ முதல் காரணமாகத் தெரியவில்லை. ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொரு துறைக்குக் கேட்காது. ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் தெளிவில்லை. அங்கிருந்து பிறந்ததுதான் இன்று பல நாடுகளில் புழங்கும் சம்பவக் கட்டளை முறை. அதன் சாரம் ரொம்ப எளிது. சம்பவ இடத்தில் ஒரு தலைமை இருக்க வேண்டும், இரண்டு மூன்று துறைகள் சமமாகச் சம்பந்தப்பட்டால் அவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுத வேண்டும். ஒருவர் கீழ் மூன்று முதல் ஏழு பேர், அதற்கு மேல் கூடாது. எல்லோருக்கும் ஒரே சொற்கள். அப்புறம் முக்கியமானது, பதவி வேறு பொறுப்பு வேறு. வழக்கமான நாளில் யார் எவ்வளவு பெரியவர் என்பது அன்றைக்குச் செல்லாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தலைமை மாறினால் அதை வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் அலுவலகப் பழக்கம் குறுக்கே விழுகிறது என்று நினைக்கிறேன். முகாமில் பார்த்தேன். மூத்த அதிகாரி ஒருவர் கார் விட்டு இறங்கினால் போதும், அதுவரை வேலையை நடத்திக்கொண்டிருந்த இளையவர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். மூத்தவர் 20 நிமிடம் கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பிப் போவார். அவர் போன பிறகு அரை மணி நேரத்துக்கு அந்த இடம் யாருடையதும் இல்லை. தலைமை மாறியதா இல்லையா என்று யாரும் சொல்லாததால் வந்த அரை மணி நேரம் அது.

தனி அமைச்சகம் ஒன்று வைத்து எல்லாவற்றையும் அதனிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கத்ரீனாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஃபீமாவைப் பெரிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒன்றின் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அது கைகொடுக்கவில்லை. துறையைப் பெரிதாக்கினால் வெளியே இருந்த மூட்டு உள்ளே போகும், அவ்வளவுதான். உள்ளே போன மூட்டு கண்ணுக்கும் தெரியாது.

1999 அக்டோபர் பெரும் புயலில் ஏறக்குறைய 10,000 பேரை இழந்த ஒடிசா, அதே ஆண்டு இறுதியில் தனக்கென ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைத்தது. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள், இறப்பு சில பத்துகளோடு நின்றது. அந்த ஆணையம் மற்ற துறைகளின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. யார் எதை எப்போது செய்வது என்று முன்பே பேசிவைத்து, கடைசிக் கிராமம் வரை ஆள் வைத்தார்கள். வங்கதேசத்திலும் 1970 புயலின் பேரழிவுக்குப் பிறகு, 1972இல் தொடங்கி, அரசும் செம்பிறைச் சங்கமும் (ரெட் கிரசன்ட்) சேர்ந்து நடத்தும் தன்னார்வலர் படை இருக்கிறது. வானிலை மையம் சொன்னது மெகாபோனில் குடிசை வாசல் வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே அமைத்த படை. இது மூட்டுக்கென்று ஆள் போட்ட ஏற்பாடு.

உள்ளாட்சிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் களத்தில் நிற்பவர்களும் அவர்கள்தான், முதலில் அடிபடுபவர்களும் அவர்கள்தான். 2011 மார்ச் 11 சுனாமியில் ஜப்பானின் ஓட்சுச்சி என்ற சிற்றூரில் மேயரும் நகராட்சி ஊழியர்கள் பலரும் அலையில் போய்விட்டார்கள். அடுத்த நாள் நிவாரணத்தை நடத்த வேண்டிய அலுவலகமே இல்லை. வேறு ஊர்களின் நகராட்சி ஊழியர்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இந்தியாவில் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சித் தலைவர் ஒருவரை இணைத் தலைவராகவும் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. அந்த இணைத் தலைவரை மழைக்கு முன்பு எத்தனை முறை கூப்பிட்டுப் பேசினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி, யாரும் அதிகம் பேசாத பகுதிக்கு வருகிறேன். தண்ணீர் வடிந்த பிறகு.

முகாமின் ஏழாம் நாள் ஒரு பாட்டி என் மேசைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் காயவைத்த தாள்கள், ஓரமெல்லாம் வண்டல். வீட்டுச் சேதத்தைப் பதிவு செய்ய ஒருவர் வந்து போட்டோ எடுத்துப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்து இன்னொரு துறையிலிருந்து இன்னொருவர் வந்து அதே சுவரைப் போட்டோ எடுத்தார். மூன்றாவதாக வந்தவர், சுவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். அதற்குள் அது விழுந்துவிட்டது. முதல் பட்டியலில் 'பகுதிச் சேதம்', மூன்றாவதில் 'முழுச் சேதம்'. இரண்டும் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நின்றுபோனது. "நான் எந்த வீட்டைச் சொல்லட்டும் தம்பி, திங்கக்கிழமை இருந்த வீட்டையா, வியாழக்கிழமை இருந்ததையா?" என்று கேட்டார். நான் பதிவேட்டில் எழுதுவதைப் போலக் குனிந்துகொண்டேன்.

மீட்பு முடிந்து மறுவாழ்வு தொடங்கும் இடம்தான் இருக்கிற மூட்டுகளிலேயே பெரியது. மீட்புக்குப் படகும் சீருடையும் கேமராவும் உண்டு. மறுவாழ்வுக்கு இருப்பது கோப்பு மட்டும். மீட்புப் படை கிளம்பும்போது தான் சேர்த்த தகவல்களை யாரிடம் ஒப்படைக்கிறது? யார் வீடு இடிந்தது, யார் கர்ப்பிணி, யாருக்கு மாத்திரை வேண்டும் என்று எங்கள் பதிவேட்டில் எல்லாம் இருந்தது. ஒன்பதாம் நாள் பள்ளி திறக்க வேண்டும் என்று முகாமை மூடினார்கள். பதிவேட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். "வையுங்க, வாங்கிக்கிறோம்" என்றார்கள். அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

மறுவாழ்வுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பு கொடுத்தவர்கள் உண்டு. 2008 மே மாத நிலநடுக்கத்துக்குப் பிறகு சீனா, பாதிக்கப்பட்ட பகுதிகளை 19 மாகாணங்களுக்கும் பெருநகரங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. இந்த வட்டாரம் உன்னுடையது, உன் ஆண்டு வருவாயில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் செலவிட்டு மூன்று ஆண்டில் கட்டிக் கொடு என்று. மேலிருந்து உத்தரவு போட்டால் நடக்கும் நாட்டுக்கு அது சுலபம், அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடம் எவ்வளவு கேட்டார்கள் என்பது வேறு கேள்வி. ஆனாலும் எந்த ஊருக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இல்லை. ஜப்பான் 2012 பிப்ரவரியில் புனரமைப்புக்கென்றே தனி முகமை ஒன்றை அமைத்தது. பத்தாண்டு என்று தொடங்கி, இப்போது 2031 வரை நீட்டித்திருக்கிறார்கள். மறுவாழ்வு இரண்டு வருடக் கணக்கில் முடியும் வேலை அல்ல என்பதை ஒப்புக்கொண்ட நாடு அது.

நிதித்துறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. அன்று கடப்பாரைக்காரருக்குக் கையெழுத்து போடாத முகாம் அதிகாரியிடம் பிற்பாடு நிதானமாகப் பேசிப் பார்த்தேன். அவர் கோழை இல்லை. இன்னொரு பேரிடரில் அவசரத்துக்கு வாடகை ஜெனரேட்டர் எடுத்தவர், நான்கு ஆண்டு கழித்துத் தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாராம். மூன்று விலைப்புள்ளி ஏன் வாங்கவில்லை என்று கேள்வி. நடுராத்திரி வெள்ளத்தில் மூன்று விலைப்புள்ளி! முதல் 72 மணி நேரத்தில் நல்லெண்ணத்தோடு, ஒரு வரம்புக்குள் எடுத்த முடிவுக்குப் பாதுகாப்பு உண்டு என்று நீங்கள் எழுத்தில் தராதவரை யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கமாட்டார்கள். திருடினால் பிடியுங்கள், கணக்கும் கேளுங்கள். ஆனால் வெயிலடிக்கும் நாளின் அளவுகோலை அந்த ராத்திரிக்கு வைக்காதீர்கள்.

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2005இல் தங்களுக்குள் வேலையைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டபோது ஒரு நல்ல ஏற்பாட்டைச் சேர்த்தன. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை அமைப்பு. அந்தத் துறையில் யாரும் செய்யாமல் விடுபட்ட வேலை எதுவானாலும் கடைசியில் அது அந்தத் தலைமை அமைப்பின் தலையில்தான் விழும். நடைமுறையில் அது எப்போதும் முழுசாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'விடுபட்டது யாருடையது' என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் இருக்கிறது. உங்கள் திட்டத்தின் பொறுப்புப் பட்டியலில் பெரும்பாலும் 'முதன்மைத் துறை', 'துணைத் துறை' என்று இரண்டு பத்திகள் இருக்கும். மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள். முதன்மைத் துறையால் வர முடியாவிட்டால் யார்? அங்கே துறையின் பெயர் போதாது, பதவியும் ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கப்படும் எண்ணும் வேண்டும்.

அதோடு, ஒவ்வொரு ஒப்படைப்பையும் எழுதுங்கள். எச்சரிக்கை யாரிடமிருந்து யாருக்கு, பள்ளி முகாமாகும்போது எந்தச் சாவி யாருக்கு, முகாம் மூடும்போது பதிவேடு யாருக்கு. சேதக் கணக்கெடுப்பை ஒருமுறை ஒருவர் எடுக்கட்டும், மற்றவர்கள் அதையே பயன்படுத்தட்டும். சுவர் பிற்பாடு விழுந்தால் அதே கோப்பில் இன்னொரு தேதி போட்டுச் சேர்த்தால் போதும்.

கடைசியாக ஒத்திகை. நீங்கள் ஒத்திகை நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். படகு வரும், கயிறு வரும், ஆம்புலன்ஸ் சைரனோடு வரும், போட்டோ எடுத்து முடிப்பீர்கள். அடுத்த முறை படகே வேண்டாம். ஒரு நாள் முழுக்க எழுத்தர்களையும் கணக்கரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் மின்சார லைன்மேனையும் ஒரு கூடத்தில் உட்கார வையுங்கள். தலைமையாசிரியரின் போனை அணைத்துவிடுங்கள். மாவட்டத் தலைமையகத்தின் லைனைத் துண்டித்துவிடுங்கள். நடுவில் மூத்த அதிகாரி ஒருவரை 20 நிமிடத்துக்கு உள்ளே அனுப்பி வெளியே கூப்பிடுங்கள். பிறகு பின்பக்கக் கட்டடத்தைத் திறக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள்.

என்னையும் கூப்பிட்டால் வருகிறேன். அந்தப் பதிவேட்டைக் கையோடு எடுத்து வருகிறேன், வாங்கிக்கொள்ள வேண்டியவர் யார் என்று அன்றைக்காவது முடிவு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முகாமில் பெயர்ப் பதிவேடு எழுதியவன்